நான்கு பக்கமும் ஒரு குறுக்கும்

கைக்குட்டையைக்கூட அவர் சதுரம் என்று சொல்ல மாட்டார். மூலையோடு மூலை சேர்த்து மடிப்பார். பிரித்து, மற்ற இரண்டு மூலைகளையும் சேர்த்து மடிப்பார். இரண்டு மடிப்பும் ஒரே நீளம்தானா என்று மேசை விளிம்பில் வைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் முகத்தைத் துடைப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடியில் ரயிலடிக்குப் போகும் சாலையில், ஒரு மாடி அறையில் இருந்த தனியார் நில அளவை அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர், அவர்தான் முதலாளி. வெளியே போய் அளந்து வருபவர் இந்தக் கைக்குட்டைக்காரர். அளந்து வந்ததைப் படமாக வரைபவள் நான். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்ததும் கிடைத்த முதல் வேலை அது. எனக்கு இருபது வயது. அளப்பவருக்கு முப்பத்தைந்து இருக்கலாம். இருக்கலாம் என்று எழுதுவதும் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. அளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவர் அளந்த பொருள்களை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். டீக்கடை மேசை (தோள்துண்டால்). அலுவலகக் கதவு. முதலாளிக்கு வந்த கல்யாணப் பத்திரிகை. ஸ்டேஷன் நடைமேடையில் பெயர்ந்து கிடந்த ஒரு சிமெண்ட் பலகை. முதலாளியின் புதுக் கட்டில், அதுவும் முதலாளி அதில் படுத்திருந்தபோது.

"பொண்ணு பாக்கப் போன வீட்டுல ஒக்காரப் போட்ட பாயையும் அளந்தவன்தானே நீ" என்பார் முதலாளி. "பாய் கோணலா இருக்குனு பொண்ணு வேணாம்னுட்டு வந்துட்டான்மா."

"பாய் கோணல்தான்ய்யா. ஆனா பொண்ணுதான் என்னைய வேணாம்னுச்சு" என்பார் இவர், சிரிக்காமல்.

அவர் அளந்தது எல்லாம் ஒரே ஒரு விஷயத்தைத்தான். எதிர் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. பாடப்புத்தகத்தில் அதற்கு மூலைவிட்டம் என்று பெயர். அவர் குறுக்கு என்பார்.

நான்கு மூலை உள்ள எந்த நிலத்துக்கும் அவர் முதலில் கொடுக்கும் பெயர் 'நாலு மூலை'. அவ்வளவுதான். எதிரெதிராக உள்ள ஒரு ஜோடிப் பக்கம் இணையாகப் போகிறது என்று அளந்து தெரிந்தால் சரிவகம். இரண்டு ஜோடியும் இணையாகப் போனால் இணைகரம். அந்த இணைகரத்தில் நான்கு பக்கமும் ஒரே நீளமானால் சாய்சதுரம். பக்கம் எப்படியோ போகட்டும், இரண்டு குறுக்கும் ஒரே நீளமானால் செவ்வகம். இரண்டு நிபந்தனையும் சேர்ந்து வந்தால்தான் சதுரம். ஒவ்வொரு பெயரையும் நிலம் சம்பாதிக்க வேண்டும்.

"என்னப்பா, அந்த நெற்குப்பை மனைக்கு இன்னும் பிரமோஷன் வரலையா?" என்று முதலாளி கேட்பார்.

"ஒரு குறுக்கு பாக்கி இருக்குய்யா."

மனைக்காரர்கள் "நல்ல சதுரமான எடங்க" என்று கையை விரித்துக் காட்டுவார்கள். அவர் "இருக்கலாங்க" என்று சொல்லிவிட்டு டேப்பை அவிழ்ப்பார்.

"சதுரமும் ஒரு செவ்வகம்தானே அண்ணே? எப்படிச் சொன்னா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதனாலதாம்மா சொல்றேன். சதுரத்தைச் செவ்வகம்னு சொன்னா அது கொறச்சுச் சொன்னது. தப்பில்ல. செவ்வகத்தைச் சதுரம்னு சொன்னா அது கூட்டிச் சொன்னது. கூட்டிச் சொன்னவன்தான் கோர்ட்டுல போய் நிக்கணும்."

அலுவலகத்தில் கண்ணாடி உடைந்துபோன ஒரு படச்சட்டம் மூலையில் கிடந்தது. மூட்டுகள் தளர்ந்திருந்தன. அதை எடுத்து என் மேசைமேல் நிறுத்தி, மேல் சட்டத்தை ஒரு விரலால் தள்ளினார். சட்டம் சாய்ந்தது. இன்னும் தள்ளினார். இன்னும் சாய்ந்தது.

"நாலு கட்டையும் அதே நீளந்தான். ஒரு நூல் கொறயல. ஆனா உள்ள இருக்கிற எடம் எப்படிச் சுருங்குது பாத்தீகளா? அஞ்சாவதா ஒரு அளவு சொல்லாத வரைக்கும் இது எங்குட்டு வேணும்னாலும் சாயும்."

நாற்கரம் வரையும் கணக்குகளைப் பள்ளியில் நூறு முறை போட்டிருப்பேன். ஒவ்வொன்றிலும் ஐந்து அளவுகள் கொடுத்திருப்பார்கள்: நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும், அல்லது நான்கு பக்கமும் ஒரு கோணமும், அல்லது மூன்று பக்கமும் இரண்டு மூலைவிட்டமும். எப்போதும் ஐந்து. நான் ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பழைய புத்தகத்தை எடுத்து எண்ணினேன். அதன் பிறகு எந்த சன்னலையும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

ஏன் இப்படி என்று அவரைக் கேட்டதுண்டு. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம். "ஒரு தடவை கண்ணால பாத்துட்டுச் சொல்லியிருக்கேன்மா" என்றார். மேலே கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

மாசி மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அதே வாரம் கோட்டையூரில் ஒரு மனையை அளக்க வேண்டியிருந்தது. மலேயாவில் கடை வைத்திருந்த ஒருவர், ஊருக்குத் திரும்பி வீடு கட்டுவதற்காக அதை வாங்குகிறார். பத்திரத்தோடு வைக்கப் படம் வேண்டும். முதலாளி என்னை அனுப்பினார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க, வாங்குபவரின் மைத்துனர் வந்தார்.

தெருவை ஒட்டிய முன்பக்கம் நாற்பதடி. பின்பக்கம் நாற்பதடி. கிழக்குப் பக்கம் அறுபது, மேற்குப் பக்கம் அறுபது. நான்கு மூலையிலும் எல்லைக்கல் இருந்தது. நடுவில், வெட்டிக் குவித்த வேலிக்கருவை முள் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. இரண்டு குறுக்குமே அந்தக் குவியல் வழியாகத்தான் போக வேண்டும்.

"எதுத்தெதுத்த பக்கம் ஒண்ணாத்தானே இருக்கு. இன்னும் என்னத்தம்மா அளக்கணும்?" என்றார் மைத்துனர். "இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது மூணு மணிக்குத்தான்."

முள்ளை இழுத்துப் போட அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் செய்யவில்லை. காரணங்களை வரிசையாக எழுதினால்: வெயில், பஸ், மைத்துனரின் முகம், மூலைகள் என் கண்ணுக்குச் செங்கோணமாகத் தெரிந்தது. முதல் மூன்றையும் நான் பிறகு பலமுறை சாக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான்காவதுதான் உண்மை. எனக்குப் பார்த்தாலே தெரியும் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாற்பதின் வர்க்கம், அறுபதின் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம். எழுபத்திரண்டு அடி ஒரு அங்குலம். அளவுப் புத்தகத்தில் முதல் குறுக்குக்கு அதை எழுதினேன். இரண்டாவதற்கும் அதையே எழுதப் போனபோது கை நின்றது. இரண்டு குறுக்கும் அங்குலம் பிசகாமல் ஒன்றாக இருந்தால் அவர் நம்ப மாட்டார். கல்லும் கரடுமான நிலத்தில் அப்படி வராது. அதனால் இரண்டாவதில் அரை அங்குலம் கூட்டி எழுதினேன்.

காய்ச்சல் விட்டு வந்தவர் புத்தகத்தைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார்.

"அங்க முள்ளு கெடக்குமே?"

"ஒதுக்கிட்டு இழுத்தேன் அண்ணே."

"அரை அங்குலந்தான் வித்தியாசம். நல்லா இழுத்திருக்கீகம்மா. செவ்வகம்னே போட்டுருங்க."

தான் அளந்து பார்க்காத ஒரு நிலத்துக்கு அவர் பெயர் கொடுத்தது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். படத்தின் கீழேயும் அளவுப் புத்தகத்திலும் 'அளந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டார். அந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளையின் கையெழுத்து இருந்தால் வேலை கொடுக்கும் கட்சிக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்பது முதலாளியின் எண்ணம். யார் அளந்தாலும் கையெழுத்து அவருடையது.

அதன் பிறகு அவர் என்னிடம் காட்டிய மரியாதைதான் தாங்க முடியாததாக இருந்தது. "இந்தப் புள்ள குறுக்கு இழுக்காம திரும்பி வராதுய்யா" என்று முதலாளியிடம் சொன்னார். டீக்கடையில் எனக்கும் சேர்த்து வடை வாங்கிவந்து காகிதத்தில் வைத்தார். பங்குனியில் ஒரு நாள் பஸ்ஸில், இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வடைல உப்புக் கம்மியா இருந்துச்சுல்ல அண்ணே" என்று சொல்லி முடித்தேன். அவர் சற்று யோசித்து, "எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு. உங்க வடை வேற வடையாச்சே" என்றார்.

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், அந்த அரை அங்குலத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்பது. குறுக்கை அளக்காதது சோம்பல். அரை அங்குலம் அப்படியில்லை. அது அவரை நன்றாகத் தெரிந்துகொண்டு செய்தது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேப்பைத் துணிப்பையில் மறைத்துவைத்துக்கொண்டு கோட்டையூருக்குப் போனேன். இப்போதாவது அளந்துவிட்டால், சரியாக இருந்தால் பொய் பொய்யில்லாமல் போகும், தப்பாக இருந்தால் சொல்லித் திருத்தலாம் என்பது திட்டம். முள் குவியலை அகற்றியிருந்தார்கள். தெருவோரத்து இரண்டு கல்லும் இருந்தன. பின்பக்கம் போனேன். பின்னால் உள்ள வயல்காரர் டிராக்டர் வைத்து உழுதிருந்தார். திருப்புவதற்காக மனைக்குள்ளும் ஏற்றியிருந்தார். பின்கல் இரண்டும் பிடுங்கப்பட்டு ஓரத்தில் கிடந்தன.

கிழக்குப் பக்கத்து வீட்டின் சமையலறை பின்கோடியில், மனையை ஒட்டி இருந்தது. அங்கிருந்து ஒரு அம்மாள் வடிகஞ்சி ஊற்ற வெளியே வந்தார். காரைக்குடியில் வேலை பார்க்கும் இருபது பேருக்குக் கேரியர் சாப்பாடு கட்டிக் கொடுத்துக் குடும்பம் நடத்துபவர் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

"யாரைப் பாக்குறீக?"

"யாரையுமில்லை" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன். முன்கல் இரண்டு மிச்சம். பக்கங்களின் நீளம் தெரியும். ஆனால் பின்பக்கம் எங்கே நின்றது என்பதைச் சொல்ல நிலத்தில் இனி எதுவும் இல்லை. காகிதத்தில்தான் இருக்கிறது, நான் எழுதிய எண். தாலுகா அலுவலகத்துப் புலப்படத்தில் பழைய முழு நிலம் மட்டும்தான் உண்டு, இந்த மனைப் பிரிவு கிடையாது. அன்றைக்கும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணியில் மனைக்காரர் மலேயாவிலிருந்து வந்து இறங்கினார். வீடு தொடங்கும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள், படத்தை வைத்துப் பின்கல் இரண்டையும் திரும்ப நடச் சொன்னார். முதலாளி, அவர், நான், கடப்பாரையோடு ஒரு ஆள். காலை ஒன்பது மணிக்குப் போனோம்.

அவர் ஒரு டேப்பைக் கிழக்கு முன்கல்லில் பிடித்து அறுபதடி விட்டார். இன்னொரு டேப்பை மேற்கு முன்கல்லிலிருந்து குறுக்காக எழுபத்திரண்டு அடி ஒன்றரை அங்குலம் விட்டார். இரண்டும் சேரும் புள்ளிதான் கிழக்குப் பின்கல். டேப் இரண்டும் சமையலறைச் சுவரில் முட்டின. சன்னல் வழியாக விட்டுப் பார்த்தார். கல் வரவேண்டிய இடம் சுவருக்கு உள்ளே மூன்றடி தள்ளி, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏய்யா, எங்க அடுப்புலயா கல்லு நடப் போறீக?" அந்த அம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். "இருவது வருசமா இந்தச் சுவரு இங்கனதான் நிக்குது."

மனைக்காரர் தன்மையானவர். "எனக்கு யாரு எடமும் வேணாம்மா. படத்துல எது இருக்கோ அது போதும். படத்தைப் பாத்துத்தான் வாங்கினேன்" என்றார்.

"படம் நம்ம ஆபீஸ் படம்" என்றார் முதலாளி. "செவ்வகம்னா செவ்வகந்தான். இவுக சுவரத்தான் தள்ளிக் கட்டியிருக்காக. அளந்தவன் கையெழுத்து இந்தா இருக்கு."

அந்த அம்மாள் இவரிடம் திரும்பினார். "நீங்கதான் அளந்தீகளா? உங்க கண்ணால பாத்தீகளா?"

அவர் படத்தை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். "கையெழுத்து என்னோடதுதான். அளந்தது நான் இல்ல. அன்னிக்குக் காய்ச்சல்ல கெடந்தேன்."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "அப்ப இந்தப் புள்ள தப்பா அளந்துருச்சுங்கிறியா?"

"நான் பாக்கலைய்யா."

"சரியா அளந்துச்சு. அதையாவது சொல்லித் தொலை."

"அதையும் நான் பாக்கல."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே சோறு கொதித்து மூடியைத் தள்ளும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் அதைக் கவனிக்கப் போகாமல் நின்றார்.

"குறுக்கை நான் அளக்கல" என்றேன். "நாலு பக்கம்தான் அளந்தேன். குறுக்கு கணக்குப் போட்டு எழுதினது."

முதலாளி ஏதோ பேசத் தொடங்கினார். இவர் கையைக் காட்டி நிறுத்தினார். அதுவரை அவர் முதலாளியை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"ரெண்டு குறுக்கும் வேற வேற எழுதியிருந்துச்சே. அந்த அரை அங்குலம்?"

"அதுவும் நான் சேர்த்ததுதான். நம்பணும்னு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதைப் பாத்துத்தாம்மா நான் கையெழுத்துப் போட்டேன்."

பிறகு அவர் தெருவோரத்துக் கல் ஒன்றின் அருகே போய்க் குந்தி, பக்கவாட்டில் தோண்டச் சொன்னார். முழங்கை ஆழத்தில் கையை விட்டுத் துழாவி எதையோ எடுத்தார். அடுப்புக்கரி. எல்லைக்கல் நடும்போது குழிக்குள் முதலில் ஒரு கூடைக் கரியைக் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கல்லைப் பிடுங்கி நகர்த்தலாம். கரி மக்காது, நகராது. ஏர் அந்த ஆழத்துக்குப் போகாது.

"முன்கல்லுக்குப் போட்டிருக்காக. பின்கல்லுக்கும் போட்டிருப்பாக" என்றார். பிறகு என்னிடம், "அறுபது நெசமா?" என்றார்.

"நிஜம்."

"பின்பக்கம் நாப்பது?"

"நிஜம் அண்ணே. டேப் வச்சுப் பாத்தது."

"அப்பத் தேடலாம்."

அவர் டேப்பின் ஒரு முனையைக் கிழக்கு முன்கல்லில் என்னைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையில் அறுபதடியில் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு, உழுத மண்ணில் கீறியபடியே நடந்தார். கவராயத்தின் முள் இருக்கும் இடத்தில் நான் நின்றேன். பென்சில் முனை போல அவர் நகர்ந்தார். பின்பக்கம் முழுக்க ஒரு வில் விழுந்தது. அதன் கிழக்கு முனை சமையலறைச் சுவரில் போய் முட்டியது. அந்த வில்லின் மேல் எங்கேயோ கரி இருக்க வேண்டும். வெளியே இல்லையென்றால், வில் சுவரைத் தாண்டி உள்ளேயும் போகிறது.

"சுவத்துக்கிட்ட ஆரம்பிக்காதீக" என்றார் அந்த அம்மாள். "காணோம்னதும் அப்புடியே உள்ள வந்துருவீக. அங்குட்டு இருந்து வாங்க."

"சரிதாம்மா" என்றார் அவர்.

சுவரிலிருந்து மேற்கே பத்தடி தள்ளித் தொடங்கினோம். அடிக்கு ஒரு குழி. ஆள் தோண்டுவார், நான் மண்ணைக் கையால் அள்ளிப் பார்ப்பேன், அவர் அடுத்த இடத்தைக் குறிப்பார். முதல் குழியில் செம்மண். இரண்டாவதில் செம்மண். மூன்றாவதில் ஒரு ஓட்டுச்சில். நான்கு, ஐந்து, ஆறு. அந்த அம்மாள் ஒவ்வொரு குழிக்கும் வாய்விட்டு எண்ணினார். ஏழாவதில் கறுப்பாக ஏதோ தெரிந்து அவசரமாக அள்ளினேன், வேர்தான். எட்டு. ஒன்பது. எனக்கும் சுவருக்கும் இடையில் இரண்டடி இருந்தது. மனைக்காரர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, தரை சிமெண்டா மண்ணா என்று கேட்டார். அந்த அம்மாள் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

பத்தாவது குழியில் ஒரு முழம் வரை எதுவும் இல்லை. ஆள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம்" என்றார் அவர். கடப்பாரை இறங்கி ஏறியபோது அதன் முனையில் கறுப்பு இருந்தது.

நான் இரண்டு கையாலும் அள்ளினேன். மரத்தின் ரேகை தெரியும் கரித்துண்டுகள். அவர் ஒரு துண்டை வாங்கி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை. அந்தக் குழியிலிருந்து நாற்பதடி, மேற்கு முன்கல்லிலிருந்து அறுபதடி என்று இரண்டு டேப்பையும் இழுத்து, சேர்ந்த இடத்தில் தோண்டச் சொன்னார். அங்கே முதல் குழியிலேயே கரி இருந்தது. அதற்கப்புறம்தான், "கல்லை எடுத்தாங்க" என்றார்.

சுவருக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு அடி. சுவர் அந்த அம்மாளின் நிலத்தில்தான் நின்றது.

"இப்பக் குறுக்கு இழுங்கம்மா" என்றார் என்னிடம். இழுத்தேன். ஒன்று அறுபத்தொன்பது அடி பத்து அங்குலம். மற்றது எழுபத்து நான்கு அடி மூன்றரை அங்குலம். என் கண்ணுக்குச் செங்கோணமாகத் தெரிந்த மனை பின்பக்கத்தில் நான்கடி மேற்கே சாய்ந்திருந்தது.

"இணைகரம்" என்றார் அவர், மனைக்காரரிடம். "பக்கம் எதுவும் கொறயல. எடமும் கொறஞ்சதுனு சொல்றாப்புல இல்ல. கொத்தனார்கிட்ட மட்டும் மூலைமட்டத்த நம்ப வேணாம்னு சொல்லிருங்க."

அந்த அம்மாள் கரண்டியை இன்னும் கையில் வைத்திருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படிச்ச புள்ளதானே நீ?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். சோறு குழைந்திருக்கும். அன்று இருபது கேரியரும் நேரத்துக்குப் போயிருக்காது.

அலுவலகம் திரும்பியதும் முதலாளி என்னைத் திட்டினார். நியாயமான திட்டுதான். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று யோசிக்க வேண்டும் என்றார். (வைத்துக்கொண்டார். மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தேன். இவர் எனக்கு முன்பே, தங்கை வீட்டோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார்.) முதலாளி திட்டிக்கொண்டிருக்கும்போதே இவர் அலமாரியிலிருந்து அளவுப் புத்தகத்தை எடுத்து, மாசி மாதத்துப் பக்கத்தைப் பிரித்து என் முன் வைத்தார்.

நான் ரப்பரை எடுத்தேன். பென்சிலில் எழுதியதுதான். சுத்தமாகப் போய்விடும்.

"ரப்பர் வேணாம்மா" என்றார். "ஒத்தக் கோடு. கீழ இருக்கிறது படிக்கத் தெரியணும்."

எழுபத்திரண்டு அடி ஒரு அங்குலத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். எழுபத்திரண்டு அடி ஒன்றரை அங்குலத்தின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் புதிய அளவுகளை எழுதினேன். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, 'அளந்தவர்' என்ற இடத்தில் இருந்த தன் கையெழுத்தின் மேலும் ஒரு கோடு போட்டார். பிறகு புத்தகத்தைத் திரும்ப என்னிடம் தள்ளினார்.

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். கட்சிக்காரர்கள் கேட்பார்கள் என்று அன்று அவர் சொல்லவில்லை. அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அளந்தவர் என்று நான் போட்ட முதல் கையெழுத்து அது. அந்தப் புத்தகம் இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்க வேண்டும். யார் பிரித்தாலும், கோட்டுக்குக் கீழே அந்த அரை அங்குலத்தைப் படிக்கலாம்.